எலும்போரத்து வாடை

அல்பீனாவின் மூக்கைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. புரோகேஷ் முதலாளியின் உப்புக்கூடத்தில் அவள் ஒரு தொடையை மோந்து பார்த்துச் "சரி" என்று சொல்லிவிட்டால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிராக் வரை ரயிலேற்றலாம். "சரியில்லை" என்று சொல்லிவிட்டால் பிஷப்பே வந்து ஆசீர்வதித்தாலும் அது தேறாது. தொடை என்றால் பன்றித்தொடைதான். உப்பேற்றிப் புகைபோட்ட தொடை இல்லாத ஈஸ்டர் மேசை எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் அப்படியொரு மூக்குக்கு மரியாதையும் இருந்தது. கடைசியில் அந்த மூக்கே அவளைக் கைவிட்டது.

மலைப்பக்கத்துக் கல்குவாரிக் கிராமத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தவள் அல்பீனா. அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி அவளுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தது நடைவழியில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில். போகிறவர் வருகிறவரெல்லாம் அவள் காலில் இடித்துக்கொண்டுதான் போவார்கள். கல்யாணம் பேசி வைத்திருந்த ஒருவன் போருக்குப் போனான். சாகவில்லை. இத்தாலியில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். செத்திருந்தால் ஊர் அவளோடு சேர்ந்து அழுதிருக்கும், இப்போது முதுகுக்குப் பின்னால் சிரித்தது. போர் முடிந்த மறுவருஷம், இருபத்தாறு வயதில், ஒரு துணிமூட்டையோடு அவள் எங்கள் ஊருக்கு வேலை தேடி வந்தாள்.

வேலையோடு ஓர் அறையும் கிடைத்தது. புகைக்கூண்டுக்கு மேலே, ஒரு பக்கச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் சின்ன அறை. ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று, ஒரு கட்டில், உள்ளேயிருந்து தாழ் போடக்கூடிய கதவு. அவள் வாழ்நாளில் தாழ் போட்டுக்கொண்டு படுத்த முதல் கதவு அது. வேலை போனால் அறையும் போகும், பிறகு அண்ணியின் நடைவழிதான். பதினேழு வருஷமாக அவள் ஒரு நாள்கூட உடம்புக்கு முடியவில்லை என்று படுக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவளுடைய வேலை தொடைக்கு உப்புநீர் ஏற்றுவது. உப்பை வெளியே தடவினால் உள்ளே எலும்பு வரை போவதற்குள் எலும்போரத்தில் கெட ஆரம்பித்துவிடும். அதனால் பன்றி உயிரோடு இருந்தபோது ரத்தம் எந்த வழியில் போனதோ அதே வழியில் உப்புநீரை அனுப்ப வேண்டும். தொடையின் வெட்டுவாயில் எலும்பை ஒட்டி இரண்டு குழாய்கள் தெரியும். ஒன்று வெளுப்பு, சுவர் தடித்தது, வெட்டின பிறகும் வாயைத் திறந்தபடி வட்டமாக நிற்கும். இதயம் அடிக்கிற அடியையெல்லாம் தாங்கின குழாயாயிற்றே. மற்றது நீலம் பாய்ந்தது, சுவர் மெலிந்தது, ஈரத்துணி மாதிரி மடங்கிக் கிடக்கும். உப்புக்கூடத்தில் அதை வெள்ளைக்குழாய், இதை நீலக்குழாய் என்பார்கள். டாக்டர்கள் தமனி, சிரை என்று சொல்லிக்கொள்ளட்டும்.

வெள்ளைக்குழாயின் வாயை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஊசியை நுழைத்து, கைப்பம்பை நாலு அழுத்து அழுத்துவாள். உப்புநீர் பெரிய குழாயிலிருந்து சின்னதுக்கும், சின்னதிலிருந்து மயிரிழைக்கும் பிரிந்து பிரிந்து ஓடி, கணுக்கால் வரைக்கும் தோல் விறைத்துக்கொள்ளும். தவறி நீலக்குழாயில் ஏற்றினால் ஒரு விரற்கடை போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. இதையெல்லாம் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. ஒரு நாளைக்கு அறுபது தொடை என்று பதினேழு வருஷம் விரலால் படித்தாள்.

அவளுக்கு முன்னால் நின்று தொடையை வெட்டிக் கொடுப்பவன் வெண்டலீன். நாலு பிள்ளைக்காரன், வாய்க்காரன், பீர்க்கடையைக் கண்டால் கால் தானாகத் திரும்புகிறவன். வெட்டும்போது வெள்ளைக்குழாயில் ஒரு விரல் நீளம் விட்டு வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டிவிட்டால் அது சதைக்குள் சுருங்கி ஓடிவிடும், பிடிக்க நுனி கிடைக்காது. போன இலையுதிர்காலத்தில் முந்தின நாள் பீர் இறங்காத தலையோடு இரண்டை ஒட்ட வெட்டிவிட்டான். இரண்டும் எலும்போரத்தில் கெட்டு, கூட இருந்த ஒரு பீப்பாயையே நாறடித்தன. "இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா நீ ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுப் போய்க்கிட்டே இரு" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஆனாலும் அல்பீனாவுக்கு அவனைப் பிடிக்கும். ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் வில்லோ மரத்து இளமிலாறைப் பின்னிக்கொண்டு போய்ப் பெண்கள் காலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார்கள், வருஷம் முழுக்கக் காலும் உடம்பும் வாடாமல் இருக்கட்டும் என்று. பதிலுக்குச் சாயம் போட்ட முட்டை வாங்கிக்கொள்வார்கள். தனியாளான அல்பீனாவின் கதவை முதல் வருஷம் யாரும் தட்டவில்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து வெண்டலீன்தான் விடிந்ததும் வந்து நிற்பான். "வாடிப்போயிடாதீங்கக்கா, அப்புறம் நம்ம முதலாளி ஒங்களையும் பீப்பாய்ல போட்டுருவாரு" என்பான். அவள் திட்டிக்கொண்டே சிவப்பு முட்டையை எடுத்துக் கொடுப்பாள்.

ஆனால் கால் வாடித்தான் போயிருந்தது. குளிர்ந்த கல்தரை, உப்பு ஈரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்ற இடத்திலேயே நிற்பது. நாலைந்து வருஷமாகவே இடது கெண்டைக்காலில் நீல நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. ஜனவரியில் பீப்பாயின் இரும்புப் பட்டை முழங்காலுக்குக் கீழே லேசாகக் கீறியது. சாதாரணக் கீறல், ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. பிப்ரவரியில் கட்டைவிரல் அகலம், மார்ச்சில் உள்ளங்கை அகலம்.

திறந்த புண் உள்ளவர்கள் இறைச்சியைத் தொடக்கூடாது என்பது சட்டம். வாரத்தில் இரண்டு நாள் இறைச்சிக்கு முத்திரை குத்த வரும் கால்நடை டாக்டர் ஹனாக் எல்லோர் கையையும் திருப்பிப் பார்ப்பார். காலைப் பார்க்க மாட்டார், அதுவும் பெண்பிள்ளை காலை. ஈஸ்டர் வேலை முடியட்டும், பிறகு ஆடு மேய்க்கும் நாட்டு வைத்தியக்காரனிடம் போகலாம் என்று அல்பீனா நினைத்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடும் என்கிற நினைப்புத்தான்.

அதுவரைக்கும் அவளே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். பன்றிக்கொழுப்பு, மேலே முட்டைக்கோஸ் இலை, அதன் மேல் தொடை சுற்றுகிற சணல்துணி. சுற்றும் விதத்தில்தான் தவறு நடந்தது. முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, அங்கிருந்து கணுக்காலை நோக்கி இறங்கி இறங்கிச் சுற்றினாள். வேறு தொழில்காரர்களுக்கு இது தோன்றியிருக்காது. நல்லது எப்போதும் மேலிருந்து வெட்டுவாய் வழியாகக் கணுக்காலுக்கு இறங்கும் என்று அவள் விரல்கள் பதினேழு வருஷமாகப் படித்திருந்தன. மேலே இருந்து அழுத்தினால் நல்ல ரத்தம் புண்ணுக்கு இறங்கும் என்று நம்பினாள். வலித்தால் இன்னும் இறுக்கினாள். கால் வீங்கியது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை காலையில், நிலவறையில் முதலாளி மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின பதினைந்து நாள் மட்டும் அவரைக் கெட்டவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"நேத்தே நெனச்சேன். இன்னிக்கு ஊர்ஜிதம். எங்கயோ ஒண்ணு எலும்போரத்துல போயிருச்சு."

நாற்பது தொடைகள் புகைக்குப் போகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. முதலாளி திரும்பி வெண்டலீனைப் பார்த்தார். சொல்லாமலே எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் இந்தத் தவக்காலம் பூரா ஒரு சொட்டுத் தொடல முதலாளி. எம் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க."

"ஒம் பொண்டாட்டியக் கேட்டா வேற கதையும் வரும். அல்பீனா, ஊசியை எடு. ஈஸ்டருக்கு ஊரே சாப்பிடப் போவுது. எதுன்னு கண்டுபிடி."

எலும்பில் செய்த மெல்லிய ஊசியால் தொடையை எலும்போரத்தில் குத்தி, சட்டென்று உருவி, மூக்கருகே கொண்டுபோக வேண்டும். உள்ளே நடப்பதை ஊசி சொல்லிவிடும். அல்பீனா முதல் தொடையைக் குத்தினாள். லேசாக வாடை அடித்தது, புளித்த, இனிப்புக் கலந்த கெட்ட வாடை. இரண்டாவதிலும் அதே வாடை. பத்தாவதிலும் அதே. ஒரு தொடை கெட்டால் அது மட்டும்தான் நாறும். நாற்பதும் ஒரே மாதிரி, ஒரே அளவில் நாறினால் அது தொடையில் இல்லை.

மூக்கை ஆற்றிக்கொள்ள முற்றத்துக்குப் போனாள். ஆற்றுக்காற்றில் ஊசியை மோந்தாள், வெறும் எலும்பு. குழாயடியில் அதைக் கழுவக் குனிந்தாள். பாவாடைக்குள்ளிருந்து வாடை எழுந்து அவள் முகத்தில் அறைந்தது. ஊரார் தொடையெல்லாம் மோந்து பார்த்தவள், இரண்டு வாரமாகத் தன்னோடு கூடவே வந்துகொண்டிருந்ததை மோக்கவில்லை. கூடவே இருக்கிற வாடை மூக்குக்குத் தெரிவதில்லை.

குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே அவள் ஜன்னலில் காலையில் உலர்த்திய துண்டு ஆடிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு தொடையைக் காட்டிவிட்டால் குழியில் புதைத்துவிடுவார்கள், வெண்டலீனுக்கு நாலு திட்டு விழும், அவன் திட்டு வாங்காத நாள் ஏது, நாம் இரண்டு நாள் தலைவலி என்று மேலேயே இருந்துகொள்ளலாம். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டாள். முதலாளி போன இலையுதிர்காலத்தில் சொன்னது அவள் நினைவில் இல்லாமல் இல்லை. அதை மட்டும் அடுக்கில் வைக்காமல் விட்டாள்.

உள்ளே போய், சுவரோரத்தில் இருந்த ஒன்றைக் காட்டினாள். "இதுதான்."

முதலாளி, ஏப்ரனைக் கொடு என்பதுபோல், வெண்டலீனை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

வெண்டலீன் இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஏப்ரன் முடிச்சைத் தேடினான். "அக்கா மூக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும். நாந்தான் எங்கயோ ஒட்ட வெட்டியிருக்கேன். எனக்கே தெரியல முதலாளி" என்றான்.

அல்பீனா ஊசியை அந்தத் தொடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தெரியலையா? வா, காட்டறேன். பாத்துட்டே போ" என்று முதலாளி பெரிய கத்தியை எடுத்து அந்தத் தொடையை எலும்பு வரைக்கும் பிளந்தார்.

உள்ளே ரோஜா நிறம். தோலிலிருந்து எலும்பு வரை ஒரே சீராக, ஒரு சாம்பல் புள்ளி இல்லாமல், ஈரமாக மின்னியது. வெள்ளைக்குழாயின் நுனி ஒரு விரல் நீளத்துக்கு ஒழுங்காக நின்றது. அவன் ஒழுங்காக வெட்டி, அவள் ஒழுங்காக ஏற்றின தொடை. முதலாளி குனிந்து மோந்தார். மறுபடியும் மோந்தார். பிறகு நிமிர்ந்து அல்பீனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, பதினேழு வருஷமாகத் தப்பாத கடிகாரம் நின்றுபோனால் பார்ப்போமே, அப்படி.

"சரி, ஈஸ்டர் அவசரத்துல யாருக்கும் தப்பும். அப்ப இது வேற ஒண்ணு. இந்தா ஊசி, நிதானமாத் தேடு. வெண்டலீன், நீ அங்கயே நில்லு."

தப்பிக்க இன்னொரு வழியும் கிடைத்துவிட்டது. இன்னொன்றைக் காட்டலாம், அதையும் பிளக்க மாட்டார். ஒரு நல்ல தொடையை வீணாக்கியதே அவருக்குப் போதும். வெண்டலீன் முடிச்சைப் பாதி அவிழ்த்த கையோடு நின்றான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எதுவென்று அவள் சொல்லப்போகிறாள் என்று. அவள் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக நின்றான்.

அல்பீனா ஊசியை வாங்கி மேசைமேல் வைத்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த பீப்பாய்மேல் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"தொடையில ஒண்ணும் இல்ல முதலாளி. எங்கால்லதான்" என்று சொல்லிச் சணல்துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். கடைசிச் சுற்று அவிழும்போது முதலாளி கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். வெண்டலீன் நகரவில்லை. அவள் காலை அவன் பார்க்கவில்லை, பிளந்து கிடந்த தொடையைப் பார்த்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டர் ஹனாக் முத்திரையைக் குத்திவிட்டு முதலாளியின் அலுவலறையில் அவளை வரச் சொன்னார். புண்ணைப் பற்றி அறிக்கை எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். "நான் மாட்டு டாக்டர். மனுஷங்களுக்கு மருந்து எழுத எனக்கு அதிகாரம் கெடையாது. பாக்கறதுக்கு யாரும் தடை போடல."

பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சணல்துணி பதிந்து பள்ளமாகிக் கிடந்த தடத்தை விரலால் தொட்டார்.

"எங்கேருந்து கட்டுனீங்க?"

"மேலேருந்துதான், டாக்டரய்யா. நல்ல ரத்தம் எறங்கட்டும்னு."

"நீலக்குழாய்ல ஊசி போட்டா என்னாகும்?"

"ஒரு விரக்கடை போயி நின்னுடும்."

"ஏன்?"

"உள்ள கதவு இருக்கு."

"அந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

அறுபது அறுபதாக எத்தனையோ ஆயிரம் தொடை. கீழே போகவிடாத கதவு மேலேதான் திறக்க வேண்டும். மேலே போக வேண்டியது ஒன்று இருந்தால்தான் அப்படியொரு கதவே வேண்டும். அதை அவள் தினமும் விரலால் தொட்டிருக்கிறாள்.

"அப்ப நான் இறுக்கிக் கட்டுனது..."

"வாசலை அடைச்சுட்டீங்க. வெள்ளைக்குழாய் தடிச்சது, நீங்க எவ்வளவு கட்டுனாலும் முட்டி மோதிக் கீழ எறங்கிடும். எறங்குனது திரும்பி ஏற வேணாமா? நீங்க பாத்ததெல்லாம் செத்த காலும்மா. செத்த காலு எதையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கதவெல்லாம் முன்னாடியே தளர்ந்திருக்கும். நடந்தா கெண்டைச்சதை பிழிஞ்சு மேல தள்ளும். நீங்க நடக்கல, நின்னீங்க." அவர் பேனாவை மைக்கூட்டில் தொட்டார். "எழுதித்தான் ஆகணும். தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க."

அன்று பிற்பகலே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது அறையைப் பூட்டிச் சாவியை முதலாளியம்மாவிடம் கொடுத்தாள். "மே மாசம் வரைக்கும் வேணும்னா..." என்று முதலாளியம்மா ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஒரு சிஸ்டர் தினமும் கால்விரலிலிருந்து மேலே மேலே சுற்றிக் கட்டினாள். ஒன்பது நாளில் வீக்கம் வடிந்தது. புண்ணின் ஓரத்தில் மெல்லிய புதுத்தோல் தெரிந்தது. காலை எடுக்க வேண்டியதில்லை என்றார்கள், ஆறுமாதமாவது ஆகும் என்றார்கள், நின்று செய்கிற வேலை இனிமேல் கூடாது என்றார்கள். அண்ணியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. நடைவழியில் இப்போது ஆட்டுக்குட்டி கட்டியிருக்கிறதாம், இடம் பண்ணிவிடலாமாம்.

ஈஸ்டர் திங்களன்று காலையில் வெண்டலீன் வந்தான். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. மிலாறுப் பின்னல் இல்லை.

"முதலாளியம்மா குடுத்தனுப்பிச்சாங்க. அன்னிக்கிப் பொளந்த தொடை. பொளந்தத விக்க முடியாதே."

"உக்காரு."

அவன் உட்காரவில்லை. பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

"ஏன்க்கா?"

அவள் இந்தக் கேள்விக்கு ஒன்பது நாளாகப் பதில்கள் தயாராக வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. "எனக்கு அந்த ரூமு வேணும்னு இருந்துச்சு" என்றாள்.

"எனக்கு நாலு பிள்ளைங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும்." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "அப்புறம் நீங்களேதான் சொன்னீங்க, அதையும் நான் மறக்கல. ஆனா மொதல்ல காட்டுன கை இருக்கு பாருங்க, அது கண்ணுக்குள்ளயே நிக்குது."

பக்கத்துக் கட்டில்காரி இருமினாள். வெண்டலீன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றான். காலுறை இறங்கியிருந்த இடத்தில், கணுக்காலுக்கு மேலே, நீலமாக ஒரு சின்ன முடிச்சு புடைத்திருந்தது. அல்பீனா அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு பதிலா யார நிக்க வெச்சிருக்காங்க?"

"என்னயத்தான். வெள்ளைக்குழாய் எதுன்னு தெரிஞ்சவன் வேற யாரு இருக்கா?"

"நிக்காத, வெண்டலீன். பத்து தொடைக்கு ஒரு தடவ முற்றத்தச் சுத்தி நட. கால்விரல்லேருந்து மேல பாத்துத் துணி கட்டிக்க. மேலேருந்து கட்டிடாத."

"முதலாளி திட்டுவாரு."

"திட்டட்டும். நீ நட."

அவன் முதல் தடவையாக அவள் காலைப் பார்த்தான், செங்கல் உயரத்தில், வெள்ளைத் துணிக்குள் இருந்த காலை. பிறகு தன் காலுறையைக் குனிந்து மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

தலையணைக்கு அடியிலிருந்து அல்பீனா ஒரு சிவப்பு முட்டையை எடுத்தாள். சமையற்கட்டு சிஸ்டரிடம் கெஞ்சி, வெங்காயத் தோலில் வேகவைத்துச் சாயமேற்றியது. அதை அவனிடம் நீட்டினாள்.

வெண்டலீன் கையை நீட்டவில்லை. "அடிக்காம முட்டை வாங்கக் கூடாதுக்கா" என்றான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கதவு வரைக்கும் போய் நின்றான். "வர்ற வருஷம் பாப்போம். நீங்க எங்க இருப்பீங்களோ, சொல்லி அனுப்புங்க."

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. பொட்டலத்திலிருந்து தொடையின் வாசனை வந்தது, உப்பும் பீச்மரப் புகையும் மட்டும், வேறொன்றும் இல்லை. நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல் அவள் முட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.